ஏழாம் உருப்படி

"ஏனுங்கப்பா, வெளிநாட்டுக்காரங்க நம்மளப் பாக்க வாராங்க. நாம சாமியப் பாத்துட்டு இருப்போம். அப்ப சாமி யாரைப் பாக்கும்?"

சண்முகப்பிரியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கேட்ட இடம், கருவேலம்பாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த அவளுடைய அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடை. அப்பா அங்கப்பன் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து சுற்ற வேண்டும் என்பதால் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார்.

"நாப்பத்திமூணு. சாமி எல்லாரையும் பாக்கும் கண்ணு."

"எல்லாரையும்னா, வந்தவங்களையும் சேத்தியா?"

"நாப்பத்திநாலு. போயி உங்கம்மாகிட்டக் கேளு."

அம்மா ராசம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "உங்கப்பாருகிட்டக் கேளு அம்மணி, அவருதான் வேண்டியிருக்காரு" என்று திருப்பி அனுப்பினாள். கேள்வி இரண்டு முறை நடந்து களைத்து, பதில் கிடைக்காமல் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டது.

கேள்விக்குக் காரணம் கோயம்புத்தூரில் இருந்த ஒரு பேரவை. உலக வண்ணத் திருவிழா ரசிகர் பேரவை என்பது அதன் முழுப் பெயர். நாடு நாடாகப் போய் அங்கங்கே நடக்கும் பாரம்பரியத் திருவிழாக்களைக் கண்டு அனுபவித்து வருவது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். மனிதர்கள் எந்தெந்த ஊரில் எப்படியெல்லாம் சந்தோஷப்படுகிறார்கள் என்று போய்ப் பார்ப்பதில் தப்பே கிடையாது. ஆனால் பார்ப்பதற்கு ஒரு பேரவை வைத்து, பேரவைக்குச் சட்டதிட்டம் வைத்து, சட்டதிட்டத்துக்கு ஒரு திருத்தக் குழுவும் வைத்துவிட்டால், பார்க்கிற வேலை மெல்லப் பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

ஐந்து நாட்டுத் திருவிழா பார்த்த உறுப்பினர் செம்புப் பதக்கம் குத்திக்கொள்ளலாம். பத்து பார்த்தவருக்கு வெள்ளி. இருபதுக்குத் தங்கம். செம்புக்காரர் வெள்ளிக்காரரை வழியில் கண்டால் முதலில் கும்பிட வேண்டும் என்பது விதி எண் பதினொன்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு ஹோட்டல் மாடியில் கூடி ஸ்லைடு போட்டுப் பார்ப்பார்கள். எல்லா ஸ்லைடிலும் நடுவில் ஒரு உறுப்பினரின் தலை இருக்கும். "என் காதுக்குப் பக்கத்தில் சிவப்பாகத் தெரிவது பிரேசில்" என்று அந்தத் தலைக்குரியவர் விளக்குவார். கைதட்டுவார்கள். பிறகு சிற்றுண்டி.

பேரவைத் தலைவர் அப்புசாமி வெட் கிரைண்டர் கம்பெனி முதலாளி. இருபத்து மூன்று நாட்டுத் திருவிழாக்களைப் பார்த்தவர். ஸ்பெயினில் தக்காளியால் அடி வாங்கியிருக்கிறார். தாய்லாந்தில் மூன்று நாள் நனைந்திருக்கிறார். வெனிஸில் முகமூடி போட்டுக்கொண்டு சொந்த மனைவியிடமே வழி கேட்டிருக்கிறார். திருவிழாக்களுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். நிறத்துக்கு முப்பது, கழிப்பறைக்கு இருபத்தைந்து, சத்தத்துக்கு இருபது, நேரம் தவறாமைக்கு இருபது. மீதி ஐந்து பக்திக்கு. அதுவும் வெளியே தெரிந்தால்தான்.

1997ஆம் வருஷம் சித்திரையில் பேரவைக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. பதினான்கு நாளில் ஒன்பது திருவிழா பார்த்துவிடுவது என்று கிளம்பிய வெளிநாட்டுக் குழு ஒன்று, கோயம்புத்தூருக்கு நாலரை மணி நேரம் ஒதுக்கித் தந்திருந்தது. பேரவை உடனே சுற்றுவட்டாரத்தில் நோம்பி என்று சொல்லப்படும் கோயில் திருவிழாக்களையெல்லாம் ஆராய்ந்து, தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கருவேலம்பாளையம் மாரியம்மன் நோம்பியைத் தேர்ந்தெடுத்தது. அம்மன் சக்தியுள்ளவள் என்பது காரணமில்லை. கோயிலுக்கு முன்னால் பெரிய பஸ் திரும்ப இடம் இருந்தது.

அப்புசாமி நேரிலேயே வந்து கோயில் முன் ஊராரைக் கூட்டிப் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இத்தனை காலம் உங்கள் நோம்பியை நீங்கள் மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டீர்கள். அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இனி உலகம் பார்க்கப் போகிறது."

பூசாரி காளிச்சாமி மெதுவாகச் சொன்னார்: "சந்தோசமுங்க. ஆனா நோம்பி பதினஞ்சு நாளுங்க."

"அதைத்தான் சொல்ல வந்தேன். நாலரை மணி நேரத்துக்குள் அடக்கிவிடலாம். பதினைந்து நாளில் பாதி காத்திருப்பதுதானே?"

"காத்திருக்கறதுதானுங்க நோம்பியே."

"காத்திருப்பதற்கு மதிப்பெண் கிடையாது" என்றார் தலைவர், மிகுந்த பரிவோடு.

கோயிலுக்குப் பேரவை சார்பில் பத்து லிட்டர் கிரைண்டர் ஒன்றும் தருவதாக அறிவித்தார். அந்த ஊர்க்காரர்கள் கிரைண்டருக்காகச் சம்மதித்தார்கள் என்று நினைத்தால் பாவம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வெயிலில் வந்த மனிதரை மனம் நோகடித்து அனுப்பக் கூடாது என்றுதான் சம்மதித்தார்கள். கம்பம் வழக்கம்போல நடப்பட்டது. கோயில் வாசலில் நடும் மூன்று கிளை விட்ட அந்தக் கம்பத்தைத்தான் பெண்கள் பதினைந்து நாளும் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். கடைசி நாள் பொழுது சாய்ந்ததும் அதைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டால் நோம்பி முடிந்தது. அந்தக் கடைசி நாளைப் பேரவை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு உருப்படிகள் கொண்ட நிகழ்ச்சி நிரல் அச்சடித்து வந்தது. பன்னிரண்டாவதாக "காட்டு யானை (வந்தால்)" என்று போட்டிருந்தது. ஏழாவதாக "உருளுதண்டம்: திரு. அங்கப்பன்" என்று போட்டிருந்தது.

அங்கப்பன் அந்த ஏழாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்.

போன மார்கழியில் சண்முகப்பிரியாவுக்கு மூளைக் காய்ச்சல். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் ஏழு நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ஏழாம் நாள் சாயங்காலம் வராண்டாவில் பினாயில் வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு, ஊர் இருந்த திசையைப் பார்த்து அங்கப்பன் கும்பிட்டார். "ஆத்தா, புள்ளையக் குடுத்துப்போடு. நோம்பிக்கு உன்னைய மூணு சுத்து உருண்டு வாரேன்." மறுநாள் காலை குழந்தை கண்ணைத் திறந்து பன் கேட்டாள்.

ஈரத்துணியோடு தரையில் படுத்துக் கோயிலைச் சுற்றி உருள்வதுதான் உருளுதண்டம். அதற்கு அந்த ஊரில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. படுத்த உடம்பை வேண்டிய சுற்று முடியும்வரை எடுக்கக் கூடாது. நடுவில் எழுந்துவிட்டால் அதுவரை உருண்டது கணக்கில் வராது. மறுபடி கம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். கம்பம் பிடுங்கிவிட்டால் அந்த வருஷத்து நேர்த்தி அந்த வருஷம் போனதுதான். அடுத்த நோம்பிவரை அம்மனிடம் முகம் காட்ட முடியாத கடனாளி.

இரண்டு நாள் முன்பு ஒத்திகை வைத்தார்கள். நடத்தியவர் பேரவைச் செயலாளர் ஜெரோம். பஞ்சாலையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், கக்கத்தில் படிவங்கள். அங்கப்பனுக்கு ஒரு படிவம் கொடுத்தார். நேர்த்தியின் நோக்கம்: நோய், வழக்கு, திருமணம், பிற. அம்மனின் ஒப்புதல் பெறப்பட்டதா: ஆம், இல்லை. அங்கப்பன் நோய்க்கு நேராக டிக் அடித்தார். ஒப்புதலுக்கு நேராகக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

"ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் ஜெரோம்.

"எட்டு நிமிசமுங்க. மூலைல திரும்பறப்ப சித்த சேத்தி ஆகும்."

"உங்க உருப்படிக்கு நாலு நிமிஷம். அரைச் சுத்துல முடிச்சுக்குங்க."

"ஆத்தாகிட்ட மூணுன்னு சொல்லிப்போட்டனுங்க."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்லீங்க. வாய்லதான் சொன்னது."

ஜெரோம் முகம் தெளிந்தது. "அப்பப் பேசி மாத்திக்கலாம்."

"யாருகிட்டங்க பேசறது?"

"பூசாரி இருக்காரில்ல."

காளிச்சாமி தூணில் சாய்ந்தபடி சொன்னார்: "நான் பேசுனா அந்தம்மா கேக்கும்னா, என்ற ஊட்டுக் கூரை இந்நேரத்துக்கு ஒழுகாம நின்னுருக்குமுங்களே."

"காத்தால நாலு மணிக்கே வந்து நான் சுத்திக்கறனுங்க. அப்புறமேட்டுக்கு நீங்க சொல்றாப்பல அரைச் சுத்து உருண்டு காட்டறேன்" என்று அங்கப்பன் கெஞ்சினார்.

ஜெரோம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "முடியாதுங்களே. ராத்திரியே சுற்றுப்பாதை பூராவும் கலர்ப் பொடில கோலம் போட கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வருது. குழு வந்து பாக்கற வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது."

"கால் வெக்க மாட்டனுங்க. உருளத்தானுங்க போறேன்."

இதைப் பற்றிச் சட்டதிட்டத்தில் ஒன்றும் இல்லாததால், ஜெரோம் விசிலை ஊதி எட்டாம் உருப்படியைக் கூப்பிட்டார்.

நோம்பி நாள் வந்தது. பத்து மணிக்கு வர வேண்டிய குழு பதினொன்றேகாலுக்கு வந்தது. வழியில் அப்புசாமி தம்முடைய கிரைண்டர் கம்பெனியைச் சுற்றிக் காட்டியிருந்தார். அதையே முதல் திருவிழா என்று நினைத்துக்கொண்ட இரண்டு பேர் கல் கொத்துகிறவர்களுடன் படம் எடுத்துக்கொண்டு நிறைந்த மனதோடு வந்தார்கள். பதினான்கு பேரும் நல்ல மனிதர்கள். கொடுத்த நீர்மோரைக் குடித்தார்கள். வைத்த திருநீற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்லக் கல்லூரி ஆசிரியை யாஸ்மினைப் பேரவை ஏற்பாடு செய்திருந்தது.

மெத்தை வைத்த பதினான்கு நாற்காலிகளைக் கோயிலின் வடக்குப் பக்கம், சுற்றுப்பாதையை அடைத்துப் போட்டிருந்தார்கள். வெளிச்சம் அங்கிருந்துதான் சரியாக இருந்ததாம். முதல் ஆறு உருப்படிகளும் விசிலுக்கு விசில் ஓடின. ராசம்மாளும் மற்றப் பெண்களும் மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். படம் எடுத்து முடியும்வரை தட்டை இறக்கக் கூடாது என்று உத்தரவு.

ஏழாம் உருப்படி.

அங்கப்பன் இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கம்பத்தடியில் படுத்தார். கைகளைத் தலைக்கு மேல் கூப்பி நீட்டினார். கண்ணை மூடினார். ஆத்தா என்றார். ஏழு முறை உருண்டிருப்பார். விசில் ஊதியது.

"சார் கொஞ்சம் எந்திரிங்க. உங்க மேல நிழல் விழுது" என்றார் வீடியோக்காரர்.

எழுந்தார். முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை தெற்குச் சுவரில் பாதி வந்துவிட்டார். கோலப்பொடி ஈர உடம்பில் அப்பி, அங்கப்பன் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் ஊதாவாகவும் ஆகியிருந்தார். குழுவினர் வியந்து கைதட்டினார்கள். அப்புசாமி உணர்ச்சிவசப்பட்டு, நிறத்துக்கு முப்பதுக்கு முப்பது போட்டார். ஒருவருக்கு ஃபிலிம் ரோல் தீர்ந்துபோயிற்று. விசில்.

மூன்றாவது முறை படுக்கப் போனபோது அப்புசாமியே எழுந்து வந்தார். "அங்கப்பன், பிரமாதம். ஆனால் முகம் கேமராவுக்குத் தெரிவதில்லை. அந்தப் பக்கமாக, இடமாகச் சுற்றி வந்தால் என்ன?"

காளிச்சாமி கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்தார். நோம்பி தொடங்கியதிலிருந்து அவர் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. "அந்தப் பக்கமாச் சுத்தறது எழவு ஊட்டுலதானுங்க. அது மட்டும் ஆகாதுங்க."

தலைவர் ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் திசை குறிப்பிடப்படவில்லை. "பூசாரி ஆட்சேபணை, பதிவு செய்யப்பட்டது" என்று எழுதிக்கொண்டார்.

அங்கப்பன் வலமாகவே உருண்டு, இந்த மூன்றாவது முறை மேற்குச் சுவர்வரை போனார். முழங்கை உரிந்துவிட்டது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. நாலு நிமிஷம் முடிந்துவிட்டது. விசில் ஊதியது. தலைமாட்டில் எட்டாம் உருப்படியான ஜமாப் மேளம் தொடங்கிவிட்டது.

"நன்றி, நீங்க போலாம்" என்றார் ஜெரோம்.

அங்கப்பன் போகவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த குழாயடியில் போய் உட்கார்ந்து முழங்கையிலிருந்து கல் பொறுக்கினார். கூட்டிப் பார்த்தால் அரைச் சுற்றுக்கு மேல் உருண்டிருந்தார். கணக்கில் வந்தது ஒன்றுமில்லை. குழுவின் பஸ் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், கருத்துப் பகிர்வுக் கூட்டம் முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிவிட ஏற்பாடு செய்திருந்தார்கள். பொழுது சாயக் காத்திருக்க நிரலில் இடமில்லை. சோறு பொங்கி முடிவதற்குள் அடுப்பை அணைக்கச் சொன்னதுபோல இருந்தது அவருக்கு.

யாஸ்மின் கையில் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "ஏனுங்க அண்ணா, வந்த குழுல ஒரு பாட்டியம்மா கேக்கறாங்க, உங்களுக்கு வலிக்கலையான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"வலிக்கலைன்னு சொல்லுங்க அம்மணி. வெசனமாத்தான் இருக்குதுன்னு சொல்ல வேண்டாம்."

"என்ன வெசனம்?"

அவர் சொன்னார்.  கேட்டு முடித்ததும் அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"எனக்கு டைபாய்டு வந்தப்ப எங்கம்மா நாகூருக்கு வேண்டிக்கிட்டாங்க. போக ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷமும் அவங்க சரியா ஒரு வாய் சாப்பிடலை." செம்பை அவரிடம் நீட்டினாள். "மூணு சுத்துக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"இருவத்தஞ்சு நிமிசமுங்க. வழில நாக்காலி கெடக்குதுங்களே."

"கருத்துப் பகிர்வுக்கு அந்த நாற்காலிதான் பந்தலுக்குப் போகுது. ஊர்க்காரங்க எல்லாரும் பந்தலுக்குள்ள வந்து கைதட்டணும்னு சொல்லியிருக்காங்க. பூசாரிக்குப் பொன்னாடை வேற. வெளிய ஒருத்தரும் இருக்க மாட்டாங்க." சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "தலைவர் பேச்சுக்கு அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்கார் ஜெரோம் சார். அதை நான் பாத்துக்கறேன்."

பந்தலுக்குப் போகிற வழியில் ஜெரோமிடம் நின்று அவள் ஏதோ கேட்பதை அங்கப்பன் தூரத்திலிருந்து பார்த்தார். ஜெரோம் அவளைப் பார்த்தார். பிறகு குழாயடியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் நேரம் பார்த்த மனிதர், கழுத்திலிருந்து விசிலையும் கையிலிருந்து ஸ்டாப்வாட்சையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போலப் பந்தலுக்குள் போனார்.

கோயில் முற்றம் காலியானது. கோலப்பொடியும் மிதிபட்ட வேப்பிலையும் மட்டும் கிடந்தன. உச்சி தாண்டிய வெயில். அங்கப்பன் குழாயடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு கம்பத்தடிக்கு வந்து படுத்தார். வழிகாட்டக் கூட ஆள் இல்லை. தலையைச் சுவர்ப்பக்கம் வைத்துக் கையை நீட்டினார். ஒவ்வொரு புரளலுக்கும் விரல் நுனி சுவரைத் தொட்டால் வழி சரி என்று வைத்துக்கொண்டார்.

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது. அப்புசாமியின் குரல் முற்றம் முழுவதும் கொட்டியது.

"அன்பார்ந்த உலக நண்பர்களே. ஐந்தே நிமிடம்தான் பேசப் போகிறேன்."

அங்கப்பன் உருண்டார். மண் சுட்டது. ஆத்தா என்றார்.

"இருபத்து மூன்று நாட்டில் நான் கண்டது ஒரே ஒரு குறை. எந்த நாட்டிலும் மக்கள் தங்கள் திருவிழாவைத் தங்களுக்காகவே நடத்திக்கொள்கிறார்கள். வந்து நிற்கும் பார்வையாளனைப் பற்றிக் கவலையே இல்லை. ஓரிடத்தில் நான் தங்கப் பதக்கத்தைக் காட்டியும் ஒருவர் என் முன்னால் வந்து நின்று சாமி கும்பிட்டார்."

தெற்குச் சுவர் முடிந்தது. மூலையில் திரும்பினார்.

"ஆகவே என் முதல் யோசனை. இந்த அம்மன் இருக்கும் இடம் மிகவும் இருட்டு. படம் விழுவதில்லை. பேரவை செலவில் நாலு ஃபோகஸ் லைட் தருகிறோம். இரண்டாவது யோசனை, பக்தர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இதைத் தவிர்க்கலாம். உணர்ச்சி கண்ணில்தான் தெரியும்."

யாஸ்மினின் குரல் ஆங்கிலத்தில் தொடர்ந்தது. அவர் ஒரு வரி பேசியதற்கு அவள் ஐந்து வரி பேசினாள். குழுவினர் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் ஊராரும் கைதட்டினார்கள். முதல் சுற்று முடிந்து கம்பத்தைக் கடந்தபோது அங்கப்பன் அதன் ஈரத்தை நெற்றியால் தொட்டார்; நிற்கவில்லை.

"அத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்" என்றது ஒலிபெருக்கி.

அங்கப்பனுக்கு மூச்சு நின்றது. உடம்பு நிற்கவில்லை.

"தலைவர் அவர்களே" என்றாள் யாஸ்மின், தமிழில், தெளிவாக. "வெனிஸ் முகமூடி விழாவில் உங்கள் அனுபவத்தைக் கேட்க விருந்தினர்கள் ஆவலாக இருக்கிறார்கள்."

"அப்படியா? அது பெரிய கதை."

பெரிய கதைதான். விமானத்தில் கொடுத்த இட்லியிலிருந்து தொடங்கினார். இரண்டாம் சுற்றின் மேற்குச் சுவர் முழுவதும் அந்தக் கதையிலேயே போயிற்று. வடக்கே நாற்காலிகள் இருந்த இடத்தில் மண் குளுமையாக இருந்தது. அங்கப்பனுக்கு அழுகை வந்தது. வலி ஒரு காரணம். ஆனால் ஏழு நாள் வராண்டாவில் நின்றபோது வராத அழுகையும் அதில் கலந்திருந்தது. தலை சுற்றியபோது குழந்தை பன் கேட்ட குரலை நினைத்துக்கொண்டார். உருண்டார்.

மூன்றாம் சுற்று. விரல் நுனியில் தோல் இல்லை. சுவரைத் தொடுவது நெருப்பைத் தொடுவதுபோல் இருந்தது; ஆனால் தொட்டார்.

"ஸ்பெயினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே தக்காளியால் என்னை அடித்தார்கள். அந்த நிமிஷம்தான் உலக சகோதரத்துவம் எனக்கு விளங்கியது. இதையே நம் உக்கடத்தில் யாராவது செய்திருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். ஏனென்றால் இங்கே நமக்கு எல்லோரையும் தெரியும்."

கைதட்டல். பிறகு மதிப்பெண் வாசிக்கத் தொடங்கினார். நிறம் முப்பது. சத்தம் பத்தொன்பது. நேரம் தவறாமையில் குழு தாமதமாக வந்ததற்காக ஊருக்கு எட்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். "பக்தியில் இரண்டு. ஏழாம் உருப்படி நிறைவு பெறாததால் மூன்று மதிப்பெண்களைத் துரதிர்ஷ்டவசமாகக் கழிக்க வேண்டியதாயிற்று. இனி கம்பம் பிடுங்கும் நிகழ்ச்சி."

அங்கப்பன் அப்போது வடமேற்கு மூலையில் இருந்தார். இன்னும் வடக்குச் சுவர் முழுதும் பாக்கி. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு கடைசிக் கேள்வி" என்றாள் யாஸ்மின். குரலில் அவசரம் துளியும் இல்லை. "உங்க சொந்த ஊர் நோம்பிக்கு நீங்க எத்தனை மார்க் போடுவீங்க?"

ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்தது. பேச்சு வரவில்லை. அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம் போயிற்று. வெளியே வரக் கிளம்பியவர்கள் என்ன பதில் வருகிறதென்று நின்றிருக்க வேண்டும். காலடிச் சத்தமும் இல்லை. வடக்குச் சுவரோரம் அங்கப்பனின் உடம்பு மண்ணில் புரளும் ஓசை மட்டும் அவருக்கே கேட்டது.

கடைசியில் அப்புசாமி பேசினார். மேடைத் தமிழ் எங்கேயோ விழுந்துபோயிருந்தது.

"அதுக்கு மார்க்குப் போடறதுக்கு இல்லீங்க அம்மணி. பத்தொம்பது வருசமாச்சு நான் போயி. எங்கம்மா இருந்தவரைக்கும் ஆள் உட்டுக் கூப்பிடும். எனக்குத் தேதி ஒத்து வரலீங்க. எங்கியாச்சும் ஒரு நாட்டுல இருப்பேன்." மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. "நாஞ் சொல்றது பதிவாகுதுங்களா? இத எழுத வேண்டாம் ஜெரோம்."

"எழுதலீங்க" என்றது ஜெரோமின் குரல்.

அங்கப்பனின் கை கம்பத்தில் பட்டது. மூன்று.

அப்படியே குப்புறக் கிடந்தார். நெற்றி மண்ணில் பதிந்திருந்தது. சொல்ல வேண்டும் என்று ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "வந்துட்டனுங்க ஆத்தா" என்று மட்டும் சொன்னார். தலையைத் தூக்கிப் பார்த்தபோது, திறந்த கதவுக்குள்ளே பூசாரியும் இல்லாமல், ஒற்றை விளக்குக்குப் பின்னால் அம்மன் மட்டும் இருந்தாள்.

பந்தலில் பூசாரிக்குப் பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் குழாயடிக்குப் போய் மண்ணைக் கழுவிக்கொண்டார். காய்ந்த வேட்டியைக் கட்டிச் சட்டையை மாட்டி, முழங்கை தெரியாமல் கையை இறக்கி விட்டுக்கொண்டார். முற்றத்தில் கடைசிச் சுற்றின் ஈரம், அவர் உடம்பு அகலத்துக்குக் கோயிலைச் சுற்றிப் படிந்து கிடந்தது. சித்திரை வெயில் அதைக் கம்பத்தடியிலிருந்து முழம் முழமாக உறிஞ்சிக்கொண்டே வந்தது. பந்தலிலிருந்து முதல் ஆள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, அங்கே வெறும் மண்தான் இருந்தது.